உயில் எழுதுதல் பற்றாகுமா?



எல்லாம் நிலையற்றவை, எதுவும் எமதன்று என நாள்தோறும் வந்தனையின் முடிவில் சிந்திக்கும் நாம், இறந்தபின் இந்த வீடு இன்னாருக்கு, இந்தப் பணம் இன்னாருக்கு என்று மரணசாசனம் எழுதி வைப்பது தகுமா? கரோல் பாகில் கூடும் நம் அன்பர்களிடையே இவ்வினா பலமுறை எழுந்துள்ளது. உயில் எழுதுவது பற்றின் அடையாளம் என்பர் சிலர். மரணப் பேச்சே வீட்டுக்கு ஆகாது என்பர் வேறு சிலர். பழைய சடங்குகளை விட்டோம். சடங்குகள் ஊட்டிய அச்சத்தை இன்னும் விடவில்லை. எம்மிடம் என்ன இருக்கிறது, மாடியில் ஓர் அறையும் வங்கியில் சிறு தொகையுந்தானே என்று நகைத்துக் கடப்போரும் உளர்.

தம்மை நம்பி வாழ்வோரை உடைய இல்லறத்தான் உயில் எழுதுவது பற்றன்று, கடமை என்பது நம் கருத்து. அக்கருத்துக்கு ஆதாரம் தம்மத்திலேயே உண்டு.

பிக்குவின் உடைமை மூன்று சீவரமும் ஒரு திருவோடுமே. அதைக்கூட யாருக்கு என்று அறியாத நிலையில் பகவன் விட்டுவிடவில்லை. இறந்த பிக்குவின் உடைமைக்குச் சங்கமே உரியது என விநயம் விதிக்கின்றது. ஆனால் நோயுற்ற காலத்தில் அவரைப் பேணியோர் பேருதவி புரிந்தவர் ஆதலின், அவர்தம் சீவரத்தையும் திருவோட்டையும் சங்கம் அவர்களுக்கு அளிக்கலாம் எனவும் அதே விநயம் இசைகின்றது. உலகைத் துறந்தவரின் கந்தையையும் ஓட்டையும் குறித்தே விதி வேண்டியிருந்தது என்றால், துறவாத நமக்கு எவ்வளவு வேண்டும்? அவ்விதி முதலில் நினைத்துப் பார்த்தது அருகிருந்து நோயாளியைப் பேணியவரையே என்பதையும் மனத்திற் கொள்க.

இல்லறத்தார்க்குரிய ஒழுக்கநூல் எனப் போற்றப்படும் சிகாலோவாத சூத்திரத்தில் பெற்றோர் மக்களுக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் ஐந்து கூறப்பட்டுள. தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிறுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க இடத்தில் மணமுடித்தல் என நான்கும் சொல்லி, உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தலை ஐந்தாவதாகச் சொல்கிறார் பகவன். உரிய காலம் என்ற சொல்லில் பொருள் உண்டு. இறந்தபின் உறவினர் தாமே பிரித்துக்கொள்ளும்படி விடுவது ஒப்படைத்தல் ஆகாது. ஒப்படைப்பவன் அறிவோடும் மனமாரவும் செய்வதே ஒப்படைத்தல்.

இங்கே ஒரு தடை எழும். கபிலவத்துவில் யசோதரை அனுப்ப, சிறுவன் இராகுலன் தந்தையிடம் தன் தாயபாகத்தைக் கேட்டபோது, பகவன் பொன்னும் பொருளும் தராது சாரிபுத்தரைக் கொண்டு அவனைத் துறவில் சேர்த்தார் அன்றோ? பொருளுக்கன்றித் தம்மத்துக்கே வாரிசாகுமாறு பிக்குகளுக்கு அறிவுறுத்தினார் அன்றோ? உண்மையே. எனினும் அவர் துறந்தவர், அவரிடம் இருந்த செல்வம் தம்மம் ஒன்றே, இருந்ததைக் கொடுத்தார். சிகாலனோ இல்லறத்தில் நிற்பவன். அவனிடம் பொருளை ஒப்படைக்கும் கடமையையே கூறினார். இராகுலனின் பாட்டனார் சுத்தோதனர் மனம் வருந்தி வேண்டியபின், பெற்றோர் இசைவின்றிச் சிறுவரைத் துறவில் சேர்த்தலாகாது என்றும் விதித்தார். தம்மச் செல்வத்தை வழங்குவதிலும் பிறருடைய உரிமையையும் வருத்தத்தையும் எண்ணிப் பார்த்தவர் நம் ஆசான்.

குசிநகரில் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. பகவன் பரிநிர்வாணமெய்தியபின் அவருடைய தாதுக்களுக்கு உரிமை கோரி மகத மன்னன் அசாதசத்து முதல் பாவாவின் மல்லர் வரை பலர் வந்தனர். எம் நிலத்தில் மறைந்தவர் எமக்கே உரியர் எனக் குசிநகர மல்லர் மறுத்தனர். பொறுமையைப் போதித்தவரின் எலும்புகளுக்காகப் போர் மூளும் நிலை வந்தது. அப்போது துரோணர் என்னும் அந்தணர் நடுநின்று, தாதுக்களை எட்டுச் சமபாகமாக அளந்து கொடுத்தார். அளந்த கலத்தை மட்டும் தமக்கெனக் கேட்டுப் பெற்றார். பிந்தி வந்த மோரியர்க்குச் சிதையின் கரிகள் கிடைத்தன. உரிமை கோரி வந்தோர் தீயவர் அல்லர். யாவரும் அன்பினால் வந்தவரே. அன்புடையோரிடையேயும் அளப்பவன் ஒருவன் வேண்டியிருந்தான். இன்று நமக்கு அத்துரோணராக நிற்கவேண்டியவை தெளிவாக எழுதிய உயிலும் நேர்மையான வழக்கறிஞரும்.

நம் காலத்துச் சான்று ஒன்றும் இந்த டில்லியிலேயே உண்டு. அலிப்பூர் சாலை 26ஆம் எண் மனையில் 1956 டிசம்பர் 6ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் மறைந்தார். நாகபுரியில் தீட்சை பெற்று இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற அவருடைய பெருநூல் அடுத்த ஆண்டே, 1957இல், அவர் நிறுவிய கல்விக் கழகத்தின் சித்தார்த்தக் கல்லூரி வழியே வெளிவந்தது. ஆனால் அச்சேறாத கையெழுத்துப் படிகள் பல முதலில் நீதிமன்றப் பொறுப்பிலும், பின்னர் மகாராட்டிர அரசின் அட்மினிஸ்டிரேட்டர் ஜெனரல் பொறுப்பிலும் பெட்டிகளில் கிடந்தன. அவ்வரசு அவருடைய எழுத்துகளின் முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். ‘இந்துமதப் புதிர்கள்’ அடங்கிய நான்காம் தொகுதி வந்தது 1987இல். அவர் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின். இதில் எவரையும் குறைகூற நாம் முற்படவில்லை. நிறுவனத்தின் கையில் சேர்ந்தது ஓராண்டில் மக்களிடம் வந்தது. நீதிமன்றக் காவலுக்குப் போனது ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தது. நாட்டுக்கே சட்டம் வகுத்தவரின் தாள்களுக்கு இந்நிலை என்றால், நம் தகரப் பெட்டிகளில் உள்ள தாள்களின் கதி என்னாகும்?

இனிக் கரோல் பாகுக்கு வருவோம். தமிழர் நெடுங்காலமாக வாழும் பகுதி இது. அலுவலக வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்தோர், ஊரில் ஒரு காலும் இங்கு ஒரு காலுமாக வாழ்ந்து, இங்கேயே முடிகின்றனர். அத்தகைய உபாசகர் ஒருவர் உயில் எழுதாமலே மறைந்தார். மனைவியும் இரு பெண்மக்களும் இங்கே. முதிய தாய் ஊரிலே. வங்கிக் கணக்கில் நாமினியாக இருந்தவர், மணமாகுமுன் குறித்த தம்பி. வாழ்ந்த வீடோ ‘பவர்’ பத்திரத்தில் வாங்கியது. கணவன் பொருள் அனைத்தும் தனக்கே என்று மனைவி எண்ணினார். நாமினி தானாகையால் பணம் தனக்கே என்று தம்பி எண்ணினார். மதம் மாறியவன் குடும்பத்துக்குப் பூர்வீக நிலத்தில் பங்கில்லை என்று ஊரார் சொல்லியனுப்பினர். மூவர் எண்ணமும் பிழை. ஓராண்டுக்கு மேல் தீஸ் ஹசாரி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியபின்பே அது தெளிந்தது. அதற்குள் அண்ணியும் கொழுந்தனும் பேச்சற்றுப் போயினர். இருவரும் ஒரே விகாரையில் வந்து, ஒரே பஞ்சசீலத்தை ஓதி, வெவ்வேறு வாயிலால் வெளியேறுகின்றனர். மறைந்தவர் நல்லவர். அவர் சேர்த்த பணம் அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது. அவர் காத்த ஒற்றுமைதான் கிடைக்கவில்லை.

சட்டம் கூறுவதைச் சுருங்கச் சொல்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பௌத்தருக்கும் பொருந்தும் என அதன் இரண்டாம் பிரிவே கூறுகிறது. உயில் இன்றி ஆண் ஒருவர் இறந்தால், அவருடைய தனிச்சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபாகமாகச் சேரும். மேற்சொன்ன குடும்பத்தில் மனைவி, இரு மகளிர், தாய் என நால்வருக்கும் நாலில் ஒரு பங்கு. தம்பிக்கு ஒன்றும் இல்லை. வங்கியின் நாமினி பணத்தைப் பெற்று உரிய வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பாளனே அன்றி உரிமையாளன் அல்லன் என 2010இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. மதம் மாறியதால் சொத்துரிமை போகாது என்பது 1850ஆம் ஆண்டுச் சட்டம் முதலே நிலைத்த விதி. மதம் மாறியோரின் பின்பிறந்த மக்களுக்கு வாரிசுச் சட்டம் வைக்கும் தடையும் பௌத்தரைத் தொடாது. அச்சட்டம் நம்மையும் தன் ஆளுகைக்குள் வைத்திருப்பதே காரணம்.

இந்து மதத்தை விட்ட நம்மை அப்பெயருள்ள சட்டம் ஆள்வதா என்று சிலர் மனம் புழுங்குவர். அச்சட்டத்தின் வேர் பாபாசாகேப் நடத்திச் சென்ற இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் உள்ளது என்பதை அவர்கள் நினைக்கவேண்டும். அது நிறைவேறாமற் போன வருத்தத்தோடு 1951இல் அவர் அமைச்சுப் பதவியைத் துறந்தார். அதன் கூறுகள் 1955, 1956 ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாக வந்தன. வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1956 சூன் 17. நாகபுரித் தீட்சை அதே ஆண்டு அக்டோபர் 14. பெயரைக் கண்டு வெறாது, அது விதவைக்கும் மகளுக்கும் தாய்க்கும் அளித்த பங்கைக் கண்டு மதிப்போமாக.

சட்டமே சமமாகப் பிரிக்கும்போது உயில் எதற்கு என்பது அடுத்த வினா. சட்டம் பங்கை அறியும், குடும்பத்தை அறியாது. நோயிற் கிடந்தவரை ஐந்தாண்டு பேணிய மருமகளைச் சட்டம் காணாது. கைகால் விளங்காத பிள்ளைக்கும் நல்ல வேலையிலுள்ள பிள்ளைக்கும் ஒரே அளவே தரும். விகாரைக்குக் கொடுக்க நீங்கள் நினைத்திருந்ததை அது அறியாது. இவற்றை அறிந்தவர் நீங்கள் ஒருவரே, எழுதவேண்டியவரும் நீங்களே.

ஆனால் உயில் எழுதியவர் எல்லாம் அறம் செய்தவர் ஆகார். தன் சொத்தை விரும்பியவாறு எழுதச் சட்டம் உரிமை தருகிறது. அவ்வுரிமையால் அநீதியும் செய்யலாம். செயலின் தன்மையை எண்ணமே தீர்மானிக்கும் என்பது பகவன் போதம். அதே சிகாலோவாதத்தில் மனிதன் நெறி தவறும் வழிகள் நான்கு சொல்லப்பட்டுள: விருப்பு, வெறுப்பு, அறியாமை, அச்சம். உயில் எழுத அமர்வோர் இந்நான்கையும் உரைகல்லாகக் கொள்க.

முதலாவது விருப்பு. மகன்மேல் கொண்ட பற்றால் மகளை விலக்குவது இது. தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதும் 2005இலும், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளை மகனுக்கு நிகராக்கின. சட்டம் கொடுத்ததை உயிலால் பறிக்கத் தனிச்சொத்துடைய தந்தைக்கு முடியும். முடிவது வேறு, தகுவது வேறு. மகளைத் தாழ்த்தும் வழக்கத்தைத் துறந்தே நாம் தம்மத்தில் புகுந்தோம்.

இரண்டாவது வெறுப்பு. சொல்லாமல் மணம் செய்துகொண்ட பிள்ளையை, தீட்சை பெறாமல் பழைய மதத்திலேயே நின்ற பிள்ளையைத் தண்டிக்கும் கருவியாக உயிலைக் கொள்வது. இறந்தவரோடு வாதாட முடியாது. மன்னிப்பும் கேட்க முடியாது. சினத்தை எழுதி வைத்துப் போவது அணையாத கொள்ளியை வீட்டுக்குள் வைத்துப் போவதாகும். தம்மத்தை ஏற்றோருக்கே சொத்து என எழுதுவோரும் எண்ணிப் பார்க்க: ஆசை காட்டித் தம்மத்துக்கு ஆள் சேர்க்குமாறு பகவன் எங்கும் கூறவில்லை.

மூன்றாவது அறியாமை. டில்லியில் பல்லாண்டுகளாக வீடுகள் மூன்று தாள்களில் கைமாறின: பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், கூடவே விற்பவன் வாங்குபவன் பெயருக்கு எழுதும் ஓர் உயில். முத்திரைக் கட்டணத்துக்கு அஞ்சியும், நிலம் குத்தகை முறையில் இருந்தமையாலும் எழுந்த வழக்கம் இது. இத்தகைய தாள்களால் அசையாச் சொத்தின் உரிமை மாறாது என 2011 அக்டோபர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரப் பத்திரம் பொதுவாக அதைக் கொடுத்தவன் இறந்தால் முடிந்துபோகும். அத்தகைய வீட்டில் இருப்போர், விற்றவரும் தாமும் உயிரோடு இருக்கும்போதே வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டி முறைப்படுத்த வழி கேட்கவேண்டும். உரிமையில்லாத வீட்டை உயிலில் எழுதினால் மக்களுக்குச் சேர்வது வீடு அன்று, வழக்கு. வங்கிக் கணக்கை வீட்டாரிடம் சொல்லாமல் வைத்திருப்பதும் இவ்வறியாமையே. பத்தாண்டுகள் கேட்பாரற்ற வைப்புத் தொகை, 2014இல் ரிசர்வ் வங்கி அமைத்த நிதிக்கு மாற்றப்படுகிறது. வாரிசுகள் பின்னர்க் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படியொரு கணக்கு உண்டென்று அறிந்தால் அன்றோ கேட்பர்!

உபாசிகைகள் இதைச் சிறப்பாக அறியவேண்டும். மக்களும் கணவனும் இல்லாத பெண் உயிலின்றி இறந்தால், அவர் தம் உழைப்பால் ஈட்டியதும் கணவனின் வாரிசுகளுக்கே முதலில் போகும். பெற்ற தாய் தந்தையர் அதற்குப் பின்னரே. மணமான மூன்று மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலைபார்த்த ஒரு பெண்ணின் சேமிப்பு முழுவதும் கணவன் வழி உறவினருக்கே சேரும் என 2009இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் அது நேர்ந்திராது.

நான்காவது அச்சம். உணவளிப்பவர் கோபிப்பாரோ என்று அஞ்சி, அவர் நீட்டிய தாளில் கைநாட்டு வைக்கும் முதியோர் பலர். அச்சுறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற உயில் செல்லாது என்பது சட்டம். ஆயினும் அதை மெய்ப்பிக்க முதியவர் திரும்பி வரமாட்டார். ஆகவே உடலும் அறிவும் நலமாயிருக்கும்போதே எழுதுக. சாகும் தறுவாயில் எழுதுவது ஐயத்துக்கு இடந்தரும்.

எழுதும் முறை அரிதன்று. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டா, தமிழிலேயே எழுதலாம். எழுதியவர் கையொப்பமோ அடையாளமோ இட, அதைக் கண்ட இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். பயன்பெறுவோர் சாட்சியாகாதிருத்தல் நன்று. பதிவு கட்டாயமன்று, எனினும் பின்னாளில் துணையாகும். நிறைவேற்றுவதற்கு நம்பிக்கையான ஒருவரைப் பெயர் குறிக்கவேண்டும். உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே நிற்கும். பௌத்த முறையில் இறுதிக்கடன் நடக்க விரும்புவோர் அதைத் தனித்தாளில் எழுதி வீட்டாரிடமும் விகாரையிலும் இப்போதே கொடுத்துவைக்க. உயிலைப் பிரித்துப் பார்ப்பதற்குள் உடல் எரிந்துவிடும். உறவினர் தம் விருப்பப்படி சடங்கும் செய்து முடித்துவிடுவர். சங்கத்தின் மனையும் கட்டடமும் தனி உறுப்பினர் பெயரில் இருந்தால் பதிவுபெற்ற சங்கத்தின் பெயருக்கு மாற்றுக. இல்லையேல் அவ்வுறுப்பினர் மறைந்த அன்று புத்தர் சிலையும் அவர் பிள்ளைகளின் பாகப்பிரிவினைக்குள் அகப்படும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்போருக்கு ஒன்று கூறுவோம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. பட்டியல் சாதியிலிருந்து பௌத்தரானோரும் 1990இல் வந்த திருத்தத்தால் அப்பட்டியலில் அடங்குவர். தீஸ் ஹசாரி நீதிமன்ற வளாகத்தில் அதற்கு அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அது பிச்சை அன்று, உரிமை. வெட்கமின்றிக் கேட்டுப் பெறுக.

இனி முதல் வினாவுக்கு விடை சொல்வோம். நாம் ஆலையில் தறி ஓட்டிய நாட்களில் ஷிப்டு முடியும்போது ஒரு வழக்கம் இருந்தது. அடுத்து வரும் தொழிலாளியிடம், இந்த இடத்தில் இழை அறுகிறது, இந்த நாடா தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டே தறியை விட்டு நகர்வோம். தறி எமதன்று, ஆலையும் எமதன்று. எமதன்று என்பதனாலேயே ஒழுங்காக ஒப்படைத்தோம். சொல்லாமல் போனவனைப் பற்றற்றவன் என எவரும் புகழ்ந்ததில்லை. அடுத்தவன் கையில் அடிபட விட்டவன் என்றே ஏசினர்.

எதுவும் எமதன்று என்ற சிந்தனை, கணக்கை முடிக்காமல் எழுந்து போக நமக்குக் கொடுத்த அனுமதி அன்று. பற்றுடையவனால்தான் உயில் எழுத முடியாது. எழுதும்போதே ஒவ்வொரு பொருளையும் அவன் மனத்தால் கைவிட வேண்டியிருக்கும். இந்த வீடு எனதன்று, இந்தக் கணக்கு எனதன்று என வரிக்கு வரி எழுதிக் கையொப்பமிடுவது, நாம் ஓதும் அநித்தியத்தை மையால் எழுதுவதாகும்.

வரும் பௌர்ணமி உபோசதத்தன்று வந்தனை முடிந்தபின், வீட்டாரை அருகிருத்தி, உள்ளதையும் கொடுக்கவேண்டிய கடனையும் ஒரு தாளில் குறியுங்கள். மறுநாள் அத்தாளோடு வழக்கறிஞரையோ சட்ட உதவி அலுவலகத்தையோ நாடுங்கள். நாம் போனபின் நம் மக்கள் ஒரே வாயிலால் விகாரையை விட்டு வெளிவரட்டும்.